குழாய் வழியே மாத்திரை: எதைப் பொடிக்கலாம், எதைப் பொடிக்கக் கூடாது?

கேள்வி: பக்கவாதத்தால் ஆஸ்பத்திரியில் இருக்கும் அப்பாவுக்கு மூக்கு வழியாக உணவுக் குழாய் போட்டிருக்கிறார்கள். ஐந்து மாத்திரைகளையும் ஒன்றாகப் பொடித்துக் கஞ்சியில் கலந்து கொடுக்கலாமா? குழாய் இரண்டு முறை அடைத்துவிட்டது.

பதில்: கூடவே கூடாது. அடைப்புக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். மருந்துகள் ஒன்றோடொன்றும் கஞ்சியோடும் சேர்ந்து திரிந்து கட்டியாகிவிடும். கஞ்சி மிஞ்சினால் மருந்தின் அளவும் குறையும்.

ஒவ்வொரு மாத்திரையையும் தனித்தனியே மாவாகப் பொடித்து, 10 முதல் 15 மி.லி. தண்ணீரில் கரையுங்கள். முதலில் 30 மி.லி. வெறும் தண்ணீர், பிறகு ஒரு மருந்து, 10 மி.லி. தண்ணீர், அடுத்த மருந்து; கடைசியில் மறுபடி 30 மி.லி. இதயம், சிறுநீரக நோயாளிகளுக்கு இந்தத் தண்ணீரும் கணக்கில் சேரும். அளவை டாக்டரே சொல்லட்டும்.

அட்டையில் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர். என்று இருந்தால் பொடிக்கவே வேண்டாம். நாள் முழுவதும் சிறிது சிறிதாக இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கும். ரத்த அழுத்த மாத்திரையானால் உயிருக்கே ஆபத்து. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரையின் மேல்பூச்சை உடைத்தால் வயிற்று அமிலம் மருந்தை அழித்துவிடும். மாற்று வடிவம் கேளுங்கள். வலிப்புக்கான ஃபெனிட்டாயின் குழாய் உணவோடு சேர்ந்தால் ரத்தத்தில் சரியாக ஏறாது. எவ்வளவு நேரம் உணவை நிறுத்துவது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஒவ்வொரு முறையும் மூக்கருகே குழாயின் குறி நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நகர்ந்திருந்தால் எதையும் செலுத்தாமல் நர்ஸை அழையுங்கள். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கட்டும். அடைத்தால் கம்பியால் குத்தாதீர்கள், சின்ன சிரிஞ்சால் அழுத்தாதீர்கள், குழாய் கிழியும்.