சத்தம் வருகிறது, படம் மட்டும் கறுப்பு வெள்ளை

டிவிடி பிளேயரின் மஞ்சள் வயரை ரீவியின் பச்சைத் துளையில் செருகினால் படத்தில் நிறம் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். மஞ்சள் வயர் பச்சைத் துளையிலேயே இருக்கட்டும். ரீவி றிமோட்டில் சோர்ஸை ‘கொம்பொனன்ற்’ (மூன்று வயரில் படம் வரும் முறை) இலிருந்து ‘ஏவி’க்கு (ஒரே மஞ்சள் வயரில் படம் வரும் முறை) மாற்றுங்கள், நிறம் வரும்.

கிளிநொச்சியில் வாங்கியது புது ரீவி என்கிறீர்கள். புதியவை பலவற்றில் மஞ்சளுக்குத் தனித்துளை இல்லை. பச்சையே இரண்டு வேலையும் பார்க்கும். கொம்பொனன்றில் வைத்தால் பச்சையில் வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, நிறத்தை நீலம், சிவப்புத் துளைகளில் தேடும். அங்கே வயரே இல்லையே!

மாற்றியும் சரிவராவிட்டால் டிவிடி தட்டை வெளியே எடுத்துவிட்டு பிளேயரின் முகப்புப் படத்தைப் பாருங்கள். அது நிறமாக இருந்தால் தட்டு என்டிஎஸ்சியாக (அமெரிக்கா, ஜப்பானின் ரீவி நிற முறை) இருக்கலாம். பிளேயர் செற்றிங்கில் ‘பால்’ (PAL, நம் நாட்டு நிற முறை) என்று வையுங்கள்.

பச்சைத் துளையின் ஓரத்தில் மஞ்சள் வளையமோ ‘வீடியோ’ என்ற எழுத்தோ இல்லையென்றால் இது பொருந்தாது. அப்புறம், நம் வன்னிப் புழுதி வயர் முனையில் செம்மண்ணாய் அப்பியிருக்கும். கரண்டை நிறுத்திவிட்டு உலர்ந்த துணியால் துடைத்துச் செருகுங்கள்.