கல்லுக்குள் தேரை: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆழ்பாறையின் கதிரியக்கத்தை நம்பி வாழும் பற்றீரியாவைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தீர்கள். கதிர்வீச்சு உயிரைக் கொல்லும் என்றுதானே படித்தோம்? அது எப்படிச் சோறு போடும்? இன்னொன்று, எங்கள் வெள்ளவத்தை ஃப்ளாட்டில் குசினி மேடை கிறனைற்றுக் கல். மனைவி இப்போது அதில் ரொட்டிக்கு மா குழைக்கவே யோசிக்கிறா.

வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் குசினி. தாராளமாக மா குழைக்கச் சொல்லுங்கள். கிறனைற்றில் யுரேனியம், தோரியம், பொற்றாசியம் இருக்கும்தான், ஆனால் சொற்பம். உங்கள் மற்றக் கேள்விக்குப் பதிலும் அந்தச் சொற்பத்தில்தான் இருக்கிறது.

பற்றீரியா கதிரைத் தின்பதில்லை. 'நம்பி வாழும்' என்று நான் எழுதியதுதான் குழப்பிவிட்டது. பாறைப் பிளவில் தேங்கிய நீரைக் கதிர் உடைக்கிறது, ஐதரசன் வாயு பிறக்கிறது. உடைந்ததில் மிச்சம் வரும் ஒட்சியேற்றும் பொருட்கள் பக்கத்திலுள்ள பைரைற்று என்ற இரும்பு-கந்தகக் கனிமத்தை அரித்துச் சல்பேற்று ஆக்குகின்றன. ஐதரசனும் சல்பேற்றும் சேர்ந்தால் சாப்பாடு தயார். உயிரைக் கொல்லும் அளவுக்குக் கதிர் இல்லை, நீரை மெல்ல மெல்ல உடைக்கப் போதுமான அளவு இருக்கிறது. ஒழுகும் பைப்புக்குக் கீழே வாளி வைத்தால் விடிய நிறைந்திருக்குமே, அந்தக் கணக்கு.

தென்னாப்பிரிக்காவின் ம்போனெங் தங்கச் சுரங்கத்தில் 2.8 கிலோமீற்றர் ஆழத்தில், 60 பாகை செல்சியசுக்கு மேல் சுடுகிற நீரில், இப்படித்தான் ஒரு பற்றீரியா இனம் சீவிக்கிறது. அந்த நீரில் கிடைத்த டிஎன்ஏயில் 99.9 வீதத்துக்கு மேல் அதனுடையதுதான் என்று 2008 இல் எழுதினார்கள். துணைக்கு ஆளில்லை. காபனையும் நைதரசனையும் தானே பிடித்துக்கொள்கிறது. கல்லுக்குள் தேரை என்பார்களே, தேரை என்னவோ, இது நிசம்.

கனடாவின் ரிமின்ஸ் நகரச் சுரங்கத்தில் 2.4 கிலோமீற்றர் கீழே கசிந்த நீரோ வெளியுலகைப் பார்த்துக் குறைந்தது 150 கோடி ஆண்டு. 2013 இல் அதைக் கணித்தது, அதில் கரைந்து சேர்ந்திருந்த ஈலியம், நியோன், ஆகன், செனன் வாயுக்களை வைத்துத்தான். ஆய்வாளர் பாபரா ஷெர்வுட் லோலர் நாக்கில் வைத்தும் பார்த்திருக்கிறார்: கடும் உப்பு, கசப்பு.

ஈலியம் என்றதும் நம்மூர்ச் சங்கதி ஒன்று. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமியைக் கலைக்காகவே கொண்டாடுகிறோம். மனுசன் முதலில் இங்கே கனிமவியல் அளவீட்டை நடத்தியவர். 1904 இல் அவர் கண்டெடுத்த கறுப்புக் கனிமம்தான் தோரியனைற்று. கதிரியக்கச் சிதைவில் பிறந்த ஈலியம் அதற்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும், சூடாக்கினால் வெளியே வரும். 1905 இல் இலண்டனில் வேதியியலாளர் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் ஜேர்மன் வேதியியலாளர் ஓட்டோ ஹான், ரேடியோதோரியம் என்ற கதிரியக்கப் பொருளைப் (தோரியத்தின் ஒரு வகை) பிரித்தெடுத்ததும் இலங்கையிலிருந்து போன அந்தக் கல்லில்தான்.