மூளையில் நீர்த்தேக்கம்: ஷன்ட் குழாயா, எண்டோஸ்கோப் துளையா?

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. உடம்பில் இருந்த காப்பி நிறத் திட்டுகளை வைத்து, சிறு வயதிலேயே நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் (நரம்புகளில் கட்டிகள் வளரும் மரபணு நோய்) முதல் வகை என்று கண்டறிந்தார்கள். சில மாதங்களாகக் காலையில் தலைவலியும் வாந்தியும் இருந்ததால் எம்.ஆர்.ஐ. எடுத்ததில், மூளையில் நீர் தேங்கியிருப்பது தெரிந்தது. ஒரு மருத்துவர் ஷன்ட் (தேங்கிய நீரை உடலின் வேறிடத்துக்கு வடிக்கும் குழாய்) பொருத்தச் சொல்கிறார். மற்றொருவர் எண்டோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாய் வழியாக மூளைக்குள் துளையிட்டால் போதும் என்கிறார். எதை ஏற்பது? இந்த நோய் இருப்பதால் சிகிச்சை மாறுமா?

பதில்: மாறும். உங்கள் முதல் கேள்விக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது. வளர்ந்த ஒருவரின் மூளையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மி.லி. திரவம் சுரக்கிறது. ஆனால் மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஒரு நேரத்தில் இருப்பது சுமார் 150 மி.லி. மட்டுமே. அதாவது, சுரப்பது ஓயாமல் வடிந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த வடிகால் எங்கே அடைபட்டிருக்கிறது என்பதே சிகிச்சையைத் தீர்மானிக்கிறது.

முதல் வகை நோயில் முக்கியமாக இரண்டு இடங்களில் அடைப்பு ஏற்படும். மூளைக்குள் திரவம் நிறைந்த அறைகளில் மூன்றாவதையும் நான்காவதையும் இணைக்கும் மெல்லிய கால்வாய், கட்டி எதுவும் இல்லாமலேயே குறுகிப்போகலாம். அதன் குறுக்கே சவ்வு வளர்ந்தோ, அதை ஒட்டிய மூளைத் திசு தடித்தோ அடைபடலாம். இரண்டாவதாக, பார்வை நரம்புப் பாதையில் தோன்றும் கட்டி மேல்நோக்கி வளர்ந்து, பக்க அறைகளின் வாயை அடைக்கலாம். இந்நோயுள்ள குழந்தைகளில் 15 முதல் 20 விழுக்காட்டினருக்குப் பார்வை நரம்புக் கட்டி வருகிறது என்றாலும், அவற்றில் பெரும்பாலானவை எந்தத் தொல்லையும் தருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கால்வாயில் மட்டும் அடைப்பு இருந்தால், மூன்றாவது அறையின் தரையில் எண்டோஸ்கோப் வழியாகத் துளையிட்டுத் திரவத்துக்கு மாற்றுவழி அமைப்பதையே நான் முதலில் விரும்புவேன். உடலுக்குள் வாழ்நாள் முழுதும் ஒரு குழாயைச் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் வகை நோயில் அந்தத் தரை சில வேளைகளில் வழக்கத்தைவிடத் தடித்திருக்கும். கட்டி பரவியிருந்தால் அங்கே துளையிடவே இடமிராது. ஆகவே, "அடைப்பு எந்த இடத்தில்? மூன்றாவது அறையின் தரை படத்தில் எப்படித் தெரிகிறது?" என்ற இரண்டு கேள்விகளை இரு மருத்துவர்களிடமும் கேளுங்கள். கருத்து வேறுபாட்டின் காரணம் பெரும்பாலும் அங்கேயே புலப்படும்.

பக்க அறைகளின் வாய் அடைபட்டிருந்தால் ஷன்ட் தேவைப்படும். இரு பக்கமும் அடைபட்டிருந்தால், நடுச்சவ்வில் துளையிட்டு இரண்டு அறைகளையும் இணைத்துவிட்டு, ஒரே குழாயால் சமாளிப்பதும் உண்டு. குழாயின் மறுமுனை வழக்கமாக வயிற்றறையில் விடப்படுகிறது. பார்வை நரம்புக் கட்டியுள்ள சில குழந்தைகளுக்குத் திரவத்தில் புரதம் மிகுந்து, வயிறு அதை உறிஞ்ச இயலாமல் வீங்கிவிடும். அப்போது மறுமுனையை இதயத்தின் மேலறைக்கு மாற்ற நேரிடும். குழந்தைகளுக்குப் பொருத்தப்படும் ஷன்ட்களில் ஏறத்தாழ பாதி, இரண்டு ஆண்டுகளுக்குள் பழுதடைகின்றன. காந்தத்தால் அழுத்தம் மாற்றக்கூடிய வால்வு பொருத்தினால், ஒவ்வொரு எம்.ஆர்.ஐ.க்குப் பின்னும் அதன் அளவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அடிக்கடி படம் எடுக்க வேண்டிய உங்கள் மகனுக்கு இது மிக முக்கியம்.

கட்டிக்குச் சிகிச்சை தேவைப்பட்டால் கார்போபிளாட்டின், வின்கிரிஸ்டின் போன்ற மருந்துகளே முதலில் வரும். இந்நோயுள்ளவர்களுக்குக் கதிர்வீச்சு, பிற்காலத்தில் வேறு கட்டிகளையும் மூளை இரத்தக் குழாய்ச் சுருக்கத்தையும் வரவழைக்கக்கூடும் என்பதால் கூடியவரை தவிர்க்கப்படுகிறது.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது அறுவைக்குப் பிந்தைய காலம். இக்குழந்தைகளுக்கு ஒற்றைத் தலைவலியும் படிப்பில் பின்தங்கலும் பரவலாக இருப்பதால், துளை மூடிக்கொண்டதற்கோ குழாய் அடைபட்டதற்கோ உரிய அறிகுறிகளை "பழைய நோய்தானே" என்று ஒதுக்கிவிடும் ஆபத்து இருக்கிறது. துளை ஆண்டுகள் கழித்தும் மூடக்கூடும். மூடினால் நிலைமை மணிக்கணக்கில் மோசமாகலாம். தலைவலியோடு வாந்தி, அசாதாரணத் தூக்கம், இரட்டைப் பார்வை ஆகியவற்றில் எது சேர்ந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: என் அக்காவுக்கு நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் இரண்டாம் வகை நோய். செவி நரம்புக் கட்டியோடு நீர்த்தேக்கமும் இருக்கிறது. கட்டியை எடுத்தால் நீர் தானே வடிந்துவிடுமா?

பதில்: பலருக்கு வடிந்துவிடுகிறது. பெரிய கட்டி நான்காவது அறையை அழுத்துவதே காரணமானால், கட்டியை நீக்கியதும் வழி திறக்கும். சிறிய கட்டியாக இருந்தும் நீர் தேங்கினால், புரதம் மிகுந்து திரவம் உறிஞ்சப்படுவது தடைப்பட்டிருக்கலாம். இவர்களில் சிலருக்குப் பின்னர் ஷன்ட் தேவைப்படும். இரு செவிகளிலும் கட்டி வருவது இந்நோயின் இயல்பு என்பதால், அறுவையின் நேரத்தைக் கேட்கும் திறனையும் கணக்கில் கொண்டு முடிவு செய்வார்கள். அறுவைக்குப் பின் காயத்திலோ மூக்கிலோ தெளிந்த நீர் கசிந்தால், உள்ளே அழுத்தம் குறையவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். உடனே அறுவை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.