பதில்: விவசாயக் கூலி வேடத்துக்கு 40 நாளில் 15 கிலோ இளைக்கணுமா?

தம்பி, குறும்படத்துக்காக ஒருவேளை மட்டும் சாப்பிடுவதாகவும், ஒத்திகையில் இரண்டு தடவை தலைசுற்றி உட்கார்ந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதை நிறுத்துங்கள். இன்றே மருத்துவரைப் பாருங்கள்.

இளைக்கச் சொல்லி இயக்குநர் காட்டிய உதாரணம் பாதி உண்மைதான். 'காஸ்ட் அவே' என்ற ஹாலிவுட் படத்துக்காக நடிகர் டாம் ஹாங்க்ஸ் இளைத்தது உண்மை. ஆனால் அதற்காகப் படப்பிடிப்பையே ஏறக்குறைய ஒரு வருடம் நிறுத்தி வைத்தார்கள். உங்களுக்குக் கொடுத்திருப்பது 40 நாள்!

அப்புறம், நம் டெல்டாவில் வயல் வேலை செய்கிறவர் பட்டினி கிடந்தவர் மாதிரியா இருக்கிறார்? வயிறு ஒட்டியிருக்கும், தோளும் முன்கையும் முறுக்கேறியிருக்கும். காலையில் ஒரு சட்டி பழையசோறு இறங்கும். எலும்பு தெரிந்தால்தான் ஏழை என்பது நகரத்துக் கற்பனை.

நீங்கள் மன்னார்குடிப் பக்கம்தானே? தெரிந்தவர் நாற்றங்காலில் கேட்டு, பத்து நாள் நாற்றுப் பறிக்கப் போங்கள். பறித்த கொத்தைத் தண்ணீரில் அலசி, வேர்ச்சேறு போகக் காலில் தட்டி, முடியாக, அதாவது சிறு கட்டாக, கட்டுவார்கள். அப்படித் தட்டுவது உங்களுக்கு முதல் இரண்டு நாள் வராது, சேறு முகத்தில்தான் தெறிக்கும். வந்த பிறகு கேமரா முன்னால் நடிக்கவே வேண்டாம். நகக்கண்ணில் ஏறிய கறையை எந்த மேக்கப்பாலும் கொண்டுவர முடியாது.

ஒரு மேடை நாடகத்துக்காக நானும் இப்படி வயிற்றைக் காயப்போட்டு, மூன்றாம் காட்சியில் திரைக்குப் பின்னால் சரிந்தவன்தான். வசனம் ஒன்றும் நினைவில் நிற்கவில்லை.

படப்பிடிப்பு எந்த மாதம்? குறுவை நடவுக்கு முன்னால் என்றால் சொல்லுங்கள், நாற்றங்கால் போட்டிருக்கும் ஒருவரிடம் சொல்லி வைக்கிறேன்.