விழுந்து எழுந்த அம்மாவை உட்கார வைக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் அதிகாலையில் கழிப்பறைக்குப் போக எழுந்தவர், கட்டிலருகிலேயே விழுந்துவிட்டார். எலும்பு முறிவு இல்லை. ஆனால் அன்றிலிருந்து நடக்கவே பயப்படுகிறார். நாங்களும் "நீ உட்கார்ந்திரு அம்மா, எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டோம். இது சரியா? மறுபடி விழாமல் இருக்க என்ன செய்வது?

பதில்: உங்கள் அக்கறை புரிகிறது. ஆனாலும் அம்மாவை உட்கார வைப்பதை இன்றே நிறுத்துங்கள். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. ஒரு மாதமாக நாற்காலியிலேயே இருப்பவரின் தொடைகளும் இளைக்கத்தான் செய்யும். அடுத்த முறை தடுமாறும்போது அவரைத் தாங்க வேண்டிய தசைகள் அவை. பயத்தால் நடை குறைகிறது, நடை குறைந்ததால் கால் தளர்கிறது, கால் தளர்ந்ததால் பயம் கூடுகிறது. அடுத்த வீழ்ச்சி பெரும்பாலும் இந்த வழியில்தான் வருகிறது.

அதற்கு முன் ஒன்று. அவர் ஏன் விழுந்தார்? உங்கள் கடிதத்திலேயே ஒரு துப்பு இருக்கிறது. கழிப்பறையில் வழுக்கி விழவில்லை, எழுந்தவுடன் கட்டிலருகில் விழுந்திருக்கிறார். படுத்திருந்தவர் எழுந்து நிற்கும்போது ரத்தம் கால்களுக்கு இறங்கும். உடனே ரத்தக் குழாய்கள் சுருங்கி, மூளைக்குப் போகும் ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வயதாகும்போது இந்த வேலை மெதுவாகிறது. நீண்ட நாள் சர்க்கரை நோய் நரம்புகளைப் பாதித்திருந்தால் இன்னும் மெதுவாகிறது. சில ரத்த அழுத்த மாத்திரைகளும், சிறுநீரை அதிகமாகப் பிரிக்கும் மாத்திரைகளும், தூக்க மாத்திரைகளும் சேர்ந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஐந்து நிமிடம் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். பிறகு நிற்க வைத்து ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், விழுந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். கூட்டம் நெரியும் மருத்துவமனைகளில் உட்கார வைத்து ஒரே முறை பார்த்து அனுப்பிவிடுவார்கள். "படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பாருங்கள்" என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். தயங்காமல் கேளுங்கள். சளிக்கும் மூட்டு வலிக்கும் கடையில் வாங்கியது உட்பட எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சர்க்கரை மாத்திரையால் அதிகாலையில் சர்க்கரை தாழ்ந்துபோகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இனிமேல் அம்மா எழும்போது முதலில் கட்டிலின் ஓரத்தில் கால் தொங்கப்போட்டு ஒரு நிமிடம் உட்காரட்டும். கணுக்காலைப் பத்துப் பதினைந்து முறை மேலும் கீழும் அசைக்கட்டும். பிறகு கட்டிலைப் பிடித்தபடி எழுந்து நின்று, தலை தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடி எடுத்து வைக்கட்டும்.

இரவில் எழ வேண்டியிருக்கும் என்று பயந்து பகல் முழுவதும் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள் நம் வீடுகளில் ஏராளம். உடலில் நீர் குறைந்தாலும் எழும்போது தலை சுற்றும். மாலை ஆறு மணிக்குள் போதுமான தண்ணீர் குடிக்கட்டும், அதன் பிறகு குறைத்துக்கொள்ளட்டும். இதய நோயோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மட்டும் அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.

வீட்டைப் பொறுத்தவரை மூன்றே வேலைகள். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு. கழிப்பறைச் சுவரில் துளையிட்டுப் பொருத்திய கைப்பிடிக் கம்பி (துண்டு காயப்போடும் கம்பி ஆள் பாரத்தைத் தாங்காது). வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள். கால்மிதியின் ஓரம் சுருண்டிருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். கண்புரை இருக்கிறதா என்றும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இனி கால்கள். சுவரை ஒட்டி ஒரு நாற்காலி போட்டு, கைகளை மார்பில் குறுக்கே வைத்துக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று, நீங்கள் பக்கத்தில் நின்று எண்ணுங்கள். எழுபதைத் தாண்டிய பெண்ணுக்குப் பத்துக்கும் கீழே போனால் கால் வலு போதாது என்று பொருள். இந்தச் சோதனையே பயிற்சியும்கூட. முதலில் கைகளை ஊன்றியே எழட்டும், ஒரு வேளைக்கு ஐந்து முறை போதும். அடுத்தது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. பிறகு, ஒரு பாதத்தின் முன்னால் இன்னொரு பாதத்தை ஒட்டி வைத்து 10 விநாடி நிற்பது. மேடையைத் தொட்டபடி தொடங்கலாம். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது இப்படிச் சமநிலைக்கும் வலுவுக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கோயிலைச் சுற்றி நடப்பது நல்லதுதான், ஆனால் நடை மட்டும் சமநிலையைத் திருத்தாது. தமிழ்நாட்டில் இருந்தால், 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

பயிற்சி தசையாக மாறப் புரதம் வேண்டும். காலையில் இட்லி, இரவில் கஞ்சி என்று உண்பவர்களுக்கு அது போதாது. ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிராமாவது வேண்டும். 55 கிலோ எடை என்றால் 55 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு கைப்பிடிக் கொண்டைக்கடலைச் சுண்டலிலும் ஏறக்குறைய அவ்வளவே கிடைக்கும். மென்று தின்ன முடியாவிட்டால் குழைய வேகவைத்த பருப்பைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். சிறுநீரக நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கூட்ட வேண்டாம்.

நடப்பதற்கு அவரை வற்புறுத்தாதீர்கள், கூட நடங்கள். காய் நறுக்குவது, பூஜைக்குப் பூ பறிப்பது என்று அவர் வழக்கமாகச் செய்த வேலைகளைத் திருப்பிக் கொடுங்கள். தண்ணீர் வேண்டுமென்றால் அவரே எழுந்து போய் எடுத்துக்கொள்ளட்டும்.

ஒருவேளை மறுபடி விழுந்துவிட்டால், கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். ஒருக்களிக்கச் செய்து, முட்டியும் கையும் ஊன்றி, நாற்காலியைப் பற்றி எழ உதவுங்கள். இடுப்பில் கடுமையான வலி இருந்தாலோ, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தாலோ அசைக்காமல் 108ஐ அழையுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், அப்போது நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.