நிக்கோசியாவும் புவா பாலாவும்

அன்புள்ள ஐயா,

சைப்ரஸ் தீவின் தலைநகர் நிக்கோசியா போய் வந்ததை எழுதியிருந்தீர்கள். ஆனால் நியாயம் கிரேக்கர் பக்கமா துருக்கியர் பக்கமா என்று கடைசி வரை சொல்லவில்லை. நடுவில் நம் பினாங்கு கிராமம் கம்போங் புவா பாலாவை வேறு இழுத்திருக்கிறீர்கள். அங்கே நடந்தது போர், இங்கே ஒரு நில வழக்கு. இரண்டும் ஒன்றா?

க., கிள்ளான்

அன்புள்ள தம்பி,

ஒன்றில்லை. சைப்ரஸில் காணாமல் போனவர்களின் எலும்புகளை இன்னமும் தோண்டித் தேடுகிறார்கள். 1974-இல் துருக்கிப் படை இறங்கியது தவறு, அதற்குப் பத்து வருடம் முன்பிருந்தே துருக்கிய சைப்ரஸ்காரர்களைச் சின்னச் சின்னத் திட்டுகளில் முடங்க வைத்ததும் தவறு. மூன்று நாள் தங்கியவன் இதற்கு மேல் தீர்ப்பு சொல்லக் கூடாது என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஏன் புவா பாலா? ஒரு பட்டாவால்தான்.

1963 டிசம்பரில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஒருவர் வரைபடத்தில் பச்சைப் பென்சிலால் கிழித்த கோடு இன்றும் நிக்கோசியாவைத் தெற்கே கிரேக்கர், வடக்கே துருக்கியர் என்று பிளக்கிறது. லெட்ரா தெருவில் தெற்கே ஒரு சாவடியில் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்து வடக்கே இன்னொன்றில் காட்ட வேண்டும், அந்தப் பாதைகூட 2008-இல்தான் திறந்தது. தெற்கே ஒரு காப்பிக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், வடக்கே லாப்பித்தோஸில் இருக்கும் தன் எலுமிச்சைத் தோட்டத்துப் பட்டாவை எடுத்துக் காட்டினார். மடிப்பெல்லாம் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. 2003-இல் முதன்முதலாக எல்லையைத் திறந்துவிட்டபோது போய்ப் பார்த்தாராம். வீட்டில் வேறு குடும்பம், அவர்களும் தெற்கே சொந்த ஊரை விட்டு ஓடிவந்தவர்கள். காப்பி கொடுத்து, கிளம்பும்போது ஒரு பை எலுமிச்சை பறித்துக் கொடுத்தார்களாம். "என் அப்பா நட்ட மரம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பட்டாவை மடித்து வைத்துக்கொண்டார்.

எனக்கு உடனே 2009 ஞாபகம் வந்துவிட்டது. புவா பாலாவில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்துப் பால் கறந்து விற்றார்கள், மாட்டுப் பொங்கலென்றால் நாங்கள் அங்கேதான் போவோம். அவர்களுடைய நில வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் வரை போய்த் தோற்றது, சில மாதத்தில் வீடுகளை இடித்தார்கள். அந்த வாரம் ஒரு பாட்டி பிஸ்கட் டின்னைத் திறந்து தண்ணீர் பில், கரண்டு பில் எல்லாவற்றையும் பாயில் பரப்பி வைத்துக்கொண்டு, "பில்லு எங்க பேர்லதானே வருது, நெலம் மட்டும் எப்படிய்யா வேற ஆளுது ஆச்சு?" என்று என்னைக் கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். மாற்று வீடு கிடைத்தது, சரி. அந்த வரிசை வீட்டில் மாட்டை எங்கே கட்டுவது?

நிக்கோசியாப் பெரியவரிடம் பட்டா இருக்கிறது, தோட்டம் இல்லை. பாட்டியிடம் வீடு இருந்தது, பட்டா இல்லை. இரண்டு பேரையும் வெளியே நிறுத்தியது வேறு வேறு கை என்பது எனக்கும் தெரியும் தம்பி, ஆனால் அந்தக் காகிதங்களைத் தடவிய விரல்களை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

பினாங்கு வந்தால் சொல்லுங்கள், குளுகோர் பக்கம் போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம். இப்போது அங்கே அடுக்குமாடிகள்தான் இருக்கின்றன.