ஒரே லப்டொப்பில் விண்டோஸும் உபுண்டு லினக்ஸும் போட்டிருக்கிறேன். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு எதைத் திறப்பது என்று கேட்கும் மெனு வராமல் நேராக விண்டோஸ் வருகிறது, உபுண்டு வரவில்லை. கடையில் போர்மட் பண்ணச் சொல்கிறார்கள். வேறு வழி இல்லையா?

இருக்கிறது. போர்மட் பண்ண விடாதீர்கள்.

மெனுவே வராமல் நேராக விண்டோஸ் வருகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் உபுண்டு பெரும்பாலும் டிஸ்கில் அப்படியே இருக்கும். எதை முதலில் தொடங்குவது என்ற பட்டியல் பயோஸில், அதாவது ஓன் பண்ணியதும் முதலில் ஓடும் அமைப்பு மென்பொருளில், இருக்கிறது. சில அப்டேட்டுகள் அதில் விண்டோஸை மேலே ஏற்றிவிடும், அவ்வளவுதான். போர்மட் என்றால் கடைக்காரருக்குச் சுலபமான வேலை. கோப்புகள் போவது உங்களுக்கு.

லப்டொப்பை ஓன் பண்ணியதும் எஃப்12 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோவில் அது, எச்பியில் எஃப்9. வரும் பட்டியலில் உபுண்டு என்று ஒரு வரி இருந்தால் அதைத் தெரிவு செய்து பாருங்கள். திறந்தால் பிரச்சினை முடிந்தது. பயோஸுக்குள் போய் அந்த வரியை மேலே ஏற்றிச் சேமித்துவிடுங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் படிக்கிற பிள்ளைகள் கொண்டுவரும் லப்டொப்புகளில் பாதிக்கு மேல் இதோடு சரியாகிவிடும்.

வரியே இல்லையென்றால் பென் டிரைவ் வேண்டும். உபுண்டுவை முழுதாக இறக்கச் சொல்வார்கள். அது 5, 6 ஜிபி வரும், போன் டேட்டாவில் இறக்கினால் அந்த மாதப் பக்கேஜ் காலி. நான் சூப்பர் குரப் டிஸ்க் என்பதைத்தான் சொல்வேன். மிகச் சின்னக் கோப்பு. அதைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து தொடங்கினால் டிஸ்கில் இருக்கும் உபுண்டுவைத் தேடிப் பிடித்துத் திறந்துவிடும். குரப் என்பதுதான் அந்தத் தொடக்க மெனுவைக் காட்டும் மென்பொருள். உள்ளே போனதும் கட்டளை தட்டும் டெர்மினலில் குரப்-இன்ஸ்டோல், பிறகு அப்டேட்-குரப் இரண்டையும் நிர்வாகி உரிமை தரும் சூடோவோடு ஓட்டுங்கள்.

இதற்கு, நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்கியூர் பூட் என்ற பயோஸ் பாதுகாப்பை நிறுத்த வேண்டிவரும். அதில் கை வைக்கும் முன் விண்டோஸில் டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். புது லப்டொப்புகளில் நமக்குத் தெரியாமலே அது ஓனில் இருக்கும். 48 இலக்க மீட்புச் சாவியை மைக்ரோசொப்ட் கணக்கில் இருந்து தாளில் எழுதி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் உபுண்டுவைத் தேடிப் போய் விண்டோஸைப் பூட்டிக்கொண்டு நிற்பீர்கள்.

உபுண்டுவைத் தெரிவு செய்ததும் எஸ்பாட் என்ற சொல்லோடு ஒரு பிழை வந்து மெஷின் அணைந்துவிட்டால் அது வேறு கதை. 2024 ஓகஸ்ட்டில் வந்த விண்டோஸ் அப்டேட் பலருக்கு அப்படிச் செய்தது. செக்கியூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, உபுண்டுவுக்குள் போய் எல்லாவற்றையும் அப்டேட் பண்ணுங்கள்.

வீட்டில் இருக்கும் பழைய டெஸ்க்டொப்பும் சில நாள் தொடங்க மறுக்கிறது என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். மணிக்கூட்டைப் பாருங்கள். ஒவ்வொரு முறை கரண்ட் போய் வந்த பிறகும் திகதி பல வருஷம் பின்னால் போய் நின்றால் மதர்போர்ட் பற்றரி செத்துவிட்டது. அதோடு பயோஸ் அமைப்புகளும் பழைய நிலைக்குப் போகும்: தொடங்கும் முறை யூஇஎஃப்ஐ (புதிய முறை) என்றிருந்தது லெகசி (பழைய முறை) ஆகிவிடலாம், அப்போது டிஸ்க் நல்லாக இருந்தும் டிஸ்க் இல்லை என்று திரை சொல்லும். வன்னியில் யூபிஎஸ் இல்லாமல் ஓடும் டெஸ்க்டொப்புகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். சிஆர்2032 என்று கேட்டால் மணிக்கூட்டுக் கடையிலேயே கிடைக்கும். வயரைக் கழற்றிவிட்டு, ஓரத்தில் இருக்கும் கிளிப்பைச் சின்ன ஸ்குரூ டிரைவரால் தள்ளினால் பழையது மேலே எழும்பும். புதியதைப் போடும்போது எழுத்துள்ள பக்கம் மேலே. முன்பு யூஇஎஃப்ஐ இருந்திருந்தால், பிறகு பயோஸில் அதைத் திரும்பத் தெரிவு செய்ய மறக்காதீர்கள். பற்றரி மாற்றியதும் அது தானாகத் திரும்பாது.